குதிரைப் பட்டிக்கு ரப்பர் விரிப்பு: வாசகர் கேள்விகள்

உதகையில் இரண்டு சவாரிக் குதிரைகள் வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் பட்டி முழுக்கச் சேறு. அதன் மேலேயே ரப்பர் விரிப்பைப் போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. ஒரே மழைக்காலத்தில் விரிப்பு சேற்றில் இறங்கி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். குதிரையின் கால் இடறுவது அந்த ஓரத்தில்தான். ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் போக வழி செய்வது அடித்தரையின் வேலை.

மலைச்சரிவில் முதலில் பார்க்க வேண்டியது மேட்டுப் பக்கம். மேலிருந்து இறங்கும் தண்ணீரைப் பட்டிக்குள் விடாமல் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டித் திருப்புங்கள். பாதிச் சேறு அதிலேயே குறைந்துவிடும். பிறகு, மழைக்கு முன்பே, சாணம் ஊறிய கறுப்பு மேல்மண்ணை வழித்தெடுங்கள். அது இருக்கும்வரை எதைக் கொட்டினாலும் சேறுதான். அந்த இடத்தில் 15 செ.மீ. அளவுக்கு ஜல்லி, அதன் மேல் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் தூள்) போட்டு நன்றாக இறுக்குங்கள். இரண்டு மீட்டருக்கு மூன்று, நான்கு செ.மீ. சரிவு இருக்கட்டும். வெளியே போடும் விரிப்பு ஓட்டைகள் உள்ளதாக இருக்க வேண்டும். முழுப் பட்டிக்கும் பணம் கொட்ட வேண்டாம். கதவடி, தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி ஆகிய மூன்று இடங்களில்தான் குதிரை நின்று மிதிக்கிறது.

மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் ரப்பர் மேட் குதிரைக்கு ஆகுமா? பழைய கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கிறதே? (கொடைக்கானல்)

லாயத்துக்குள் மாட்டு மேட் ஆகும், 17 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால். லாடம் அடித்த குதிரை தீவனத்துக்காகக் காலால் தரையைப் பிறாண்டும்போது 12 மி.மீ. மேட் தாங்காது. வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். ஆறரைக்கு நான்கு அடி, 17 மி.மீ. கெட்டி ரப்பர் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். ஒருவரே சுலபமாகத் தூக்கினால் அது நுரைப்பொருள். சுவரோரம் ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள், ரப்பர் வெயிலில் விரியும்.

கன்வேயர் பெல்ட் வேண்டவே வேண்டாம். வழவழப்பான அதன் மேல்பரப்பு நனைந்தால் வழுக்கும். சிலவற்றில் எஃகுக் கம்பிகள் இருக்கும். வெட்டிய ஓரத்தில் அவை நீட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும். மிச்சமாகும் பணத்தைவிட ஒரு குதிரையின் கால் பெரிது.

விரிப்பு போட்டபின் வைக்கோல் வேண்டாம்தானே? (குன்னூர்)

வேண்டும், குறைவாக. ரப்பர் மேல் சிறுநீர் தேங்கினால் கிளம்பும் அம்மோனியா குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். உட்கார்ந்து மூக்கைத் தரையருகே வைத்துப் பாருங்கள். படுத்திருக்கும் குதிரை சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். இரு பருவமழையும் பெய்யும் உங்கள் ஊரில் விரிப்பின் அடி தானாகக் காயாது. வெயில் வரும் நாளில் தூக்கி நிறுத்தி, அடித்தரையைக் கழுவிவிடுங்கள்.

ஜனவரி உறைபனியில் ரப்பர் வழுக்குமா? (கேத்தி)

வழுக்கும். வெயில் ஏறியபின் வெளியே விடுங்கள். அவசரமென்றால் மணல் தூவுங்கள்.

குளம்பின் அடியில் நாற்றம், கறுப்புக் கசிவு. ரப்பர் போட்டால் சரியாகுமா? (கோத்தகிரி)

அது குளம்பு அழுகல். அழுகல் மீண்டும் வராமல் தடுக்கக் காய்ந்த தரை உதவும், வந்ததை ஆற்றாது. கால்நடை மருத்துவரை இன்றே வரவழையுங்கள். லாடம் அடிப்பவரையும் அழைத்து, அழுகிய பகுதியை மருத்துவர் சொல்லும் அளவுக்குச் சீவச் சொல்லுங்கள். தினமும் இருவேளை குளம்பைக் குடைந்து சுத்தம் செய்து, ஈரம் போகத் துடையுங்கள். விரிப்பு வாங்குவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.