புதுத் துவக்கு, போகாத கறை

கேள்வி: வயல் காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்து, 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பன்றிக்கு இருபது, இருபத்தைந்து வெடி வைத்திருப்பேன். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் நீளநீளமாகக் கோடுகள். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன், அசையவில்லை. சுடுதண்ணீர் ஊற்று என்கிறார் அப்பா, சாண்ட்பேப்பர் சுற்றி இழு என்கிறான் பக்கத்து வயல்காரன். எதைச் செய்வது?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: சாண்ட்பேப்பரை முதலில் தூர எறியுங்கள். குழலின் உட்பக்கம் கண்ணாடி போல மினுக்கியது, பல துவக்குகளில் குரோம் பூச்சும் இருக்கும், அதில் ஒருதரம் கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலில்தான் பிடிக்கும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

அப்பா சொல்வது பிழையில்லை, ஆனால் அது கருமருந்துக் காலத்துத் துவக்குக்கு. கருமருந்து எரிந்து மிஞ்சுவதில் பெரும்பங்கு உப்புச் சாதி, தண்ணீரில் கரையும், கழுவாமல் விட்டால் துருதான். இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, அதன் கறைக்குத் தண்ணீர் எடுபடாது.

நீங்கள் பார்க்கிற கோடு பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் ஈயமும். சன்னங்களைத் தாங்கிப் போகிற பிளாஸ்டிக் கிண்ணம் குழலில் உரசி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தோட்டா அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்திலும், அப்புறம் வாய்ப்பக்கத்திலும்தான் அதிகம் சேரும். புதுத் துவக்கு என்பதால் இன்னொன்றும் கேட்கவேண்டும்: தொழிற்சாலையில் பூசி அனுப்பிய கிரீஸைத் துடைக்காமலே முதல் வெடியை வைத்தீர்களா? அப்படியென்றால் அது கரியோடு சேர்ந்து சுட்டு, அரக்கு மாதிரி இறுகியிருக்கும். தேங்காயெண்ணெய் இவை எதையும் கரைக்காது, நாள்பட்டால் தானே சிக்குப் பிடித்து அழுக்கைத்தான் சேர்த்து வைக்கும்.

உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பாருங்கள், முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். பழைய சாரத்துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து இழுத்தால் கிரீஸ் போய்விடும். பிறகு துவக்குக் குழலுக்கென்றே விற்கிற கரைப்பானால் உள்ளே நன்றாக நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், பாதி வேலை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. 12 போருக்கான வெண்கலப் பிரஷ்ஷை அறைப்பக்கமாக நுழைத்து, வாய்ப்பக்கம் முழுதாக வெளியே வந்த பிறகுதான் திருப்பி இழுக்கவேண்டும். நடுக்குழலில் திருப்பினால் கம்பி மடங்கி இறுகிக்கொள்ளும். பத்துத் தரம் போய்வந்ததும் துணியை விடுங்கள். முதல் துணி கறுப்பாக வரும், அடுத்ததில் வெங்காயத் தோல் போலச் சின்னச் சின்னச் சுருள்கள் ஒட்டியிருக்கும், அதுதான் பிளாஸ்டிக். ஒரே நாளில் எல்லாம் வராது, மறுநாளும் செய்யுங்கள். அதற்குப் பிறகும் புள்ளி புள்ளியாகத் தெரிந்து துணி அங்கே சிக்கினால் அது கறையல்ல, துரு தின்ற குழி. துவக்குத் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் போல மெல்லியதாக ஒரு பூச்சு. தம்பலகாமம் வரைக்கும் கடற்காற்று வரும், மாரியில் ஈரமும் சேரும், ஆகவே உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த வெடிக்கு முன் காய்ந்த துணி ஒன்றை விட்டு, குழலின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். துணித்துண்டு சிக்கியிருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அடைப்போடு சுட்டால் குழலே பிளக்கும். இவ்வளவும் செய்த கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள், ஈயம்.

கேள்வி: கனடாவில் மச்சான் மான் வேட்டைக்குப் புது ரைபிள் வாங்கியிருக்கிறார். எத்தனை தரம் துடைத்தாலும் துணி நீலமாகவே வருகிறதாம். குழல் பழுதா?
– வாசகி, உவர்மலை

பதில்: பழுதில்லை, செம்பு. ரைபிள் குண்டின் மேலுறை செம்புக் கலவை. புதுக் குழலில் மெஷின் வெட்டிய நுண்வரிகள் அதைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும், வெடி வைக்க வைக்க வரிகள் தேய்ந்து இது குறையும். அமோனியா சேர்ந்த கரைப்பான் செம்பைக் கரைக்கும்போதுதான் நீலம் வருகிறது. ஆனால் மச்சான் வெண்கலப் பிரஷ் போடுகிறாரா என்று கேளுங்கள், அதிலும் செம்புதானே, குழல் சுத்தமானாலும் பிரஷ் கரைந்து நீலம் காட்டிக்கொண்டேயிருக்கும். கரைப்பானோடு நைலோன் பிரஷ் போடட்டும். முதலில் கரியை எடுத்துவிட்டுச் செம்புக்குப் போகவேண்டும், இரண்டும் படைபடையாகக் கிடக்கும். போத்தலில் எழுதிய நேரத்துக்கு மேல் கரைப்பானைக் குழலில் விடாமல் துடைத்து எண்ணெய் பூசச் சொல்லுங்கள். அங்கே குளிருக்கு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டுதான் இருப்பார்கள், அமோனியா நெடி மூச்சை அடைக்கும், ஒரு யன்னலையாவது திறந்து வைக்கட்டும்.