கேள்வி – பதில்

கேள்வி: பணக்கார நாட்டில்தான் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கும் என்பது சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முழுக்கச் சரியென்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவின் சிறுநாடான கோஸ்டா ரிக்காவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோஸ்டா ரிக்காவின் தனிநபர் வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் (விலைவாசி வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால் இடைவெளி ஓரளவு குறையும்). ஆயினும் அங்கே சராசரி ஆயுள் 80 ஆண்டுகளை ஒட்டியிருக்க, 2021இல் அமெரிக்காவில் அது 76 அளவுக்குச் சரிந்திருந்தது.

1941இல் மக்களின் மருத்துவச் செலவை ஏற்கும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1948இல் இராணுவத்தையே கலைத்துவிட்ட அந்நாடு, 1990களின் நடுவிலிருந்து ஊர்தோறும் சிறு மருத்துவக் குழுக்களை அமைத்தது. குழுவின் சுகாதாரப் பணியாளர் தடுப்பூசி மருந்தைக் குளிர்பெட்டியில் சுமந்து வீட்டு வாசலுக்கே வந்து, முதியவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, குழந்தைக்கு விடுபட்ட ஊசியைப் போட்டுவிட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்.

அதற்காக அதைச் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்போர் அங்கு ஏராளம். 2023இல் கொலைகளின் எண்ணிக்கை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. உயர்கல்வி, சம்பளம் என்று பார்ப்பவர்கள் அமெரிக்காவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நோய்வாய்ப்பட்டால் மருத்துவமனைக் கட்டணத்தால் கடனாளியாகிவிடுவோமோ என்ற அச்சமின்றி வாழ விரும்பினால், என் வாக்கு கோஸ்டா ரிக்காவுக்கே.