பி.எஸ்சி. பயோடெக் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் சென்னையில் மருத்துவ ஆய்வகத்தில் சேர முடியுமா? ஏப்ரலில் விண்ணப்பித்தால் போதுமா? பணம் கட்ட வேண்டுமா?

சேர முடியும். ஆனால் ஏப்ரல் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. கோடைக்கான நல்ல இடங்கள் மழைக்காலத்திலேயே போய்விடும்.

பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி, டெல்லியில் ஒன்று, பிரயாக்ராஜில் ஒன்று என மூன்று அகாதமிகள் சேர்ந்து சம்மர் ஃபெலோஷிப் நடத்துகின்றன. இரண்டு மாதம், ஸ்டைபெண்ட் உண்டு. இதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரோடு முடிந்துவிடும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்கு டிசம்பர் வாக்கில். ஐஐடி மெட்ராஸ் அறிவிப்பு அதற்கப்புறம் வரும், தகுதி விதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். ஐசிஎம்ஆர் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் திட்டம் 1979 முதல் நடக்கிறது. அது எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கானது, நீங்கள் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதெல்லாம் தவறிவிட்டால் நேரடி மெயில்தான் வழி. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கம் தொற்றுநோயியல் நிறுவனம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். நிலையம் என்று நம்மூரிலேயே பெரிய பட்டியல் இருக்கிறது. முதலில் அந்தந்த இணையதளத்தில் பயிற்சி மாணவர்களுக்கான விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் பிஎச்.டி. மாணவி. எங்கள் லேபுக்குக் கோடையில் வருகிறவர்கள் என் பெஞ்சில்தான் உட்காருவார்கள், அதனால் வரும் மெயில்களை முதலில் வடிகட்டுவதும் நான்தான். முப்பது பேராசிரியர்களை ஒரே சிசியில் போட்டு, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எங்கள் மேடத்துக்கும் அனுப்புகிறார்கள். அது அப்படியே குப்பைக்குப் போகும். அந்த லேபின் ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டு எழுதியிருந்தால், மார்க் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவேன்.

இடம் கிடைப்பதைவிட முக்கியம் எட்டு வாரத்தில் முடிகிற வேலையைக் கேட்டு வாங்குவது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முட்டையும் மாலகைட் கிரீன் சாயமும் சேர்த்துச் செய்த, கிருமி வளர்க்கும் வெளிர்பச்சை ஊடகத்தில் சளி மாதிரியைப் போட்டால், ரஸ்க் தூள் ஒட்டியது போல காலனி (கிருமிக் கூட்டம்) தெரியவே வாரக்கணக்கில் ஆகும். ஒன்றும் வளரவில்லை, நெகட்டிவ் என்று எழுதவே எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் விடுமுறையே அவ்வளவுதான்! 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு நிறுவனம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்னும் காசநோய் விடுதியில் சேர்ந்த அளவுக்குக் குணமாகும் என்று 1959-இல் காட்டியதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அதற்கும் நோயாளிகளை மாதக்கணக்கில் பின்தொடர வேண்டியிருந்தது.

அதனால் ஏற்கெனவே பிரித்து வைத்த டிஎன்ஏவில் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல நகல்கள் எடுக்கும் முறை) செய்வது, சேமித்த தரவை அலசுவது மாதிரி வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளிகளின் மாதிரி தேவை என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா என்று தயங்காமல் கைடிடம் கேளுங்கள். நீங்கள் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால், கூட்டம் கூடி, திருத்தம் கேட்டு, அனுமதி வருவதற்குள் கல்லூரி திறந்துவிடும். 'டேட்டாவா, லேப் வேலை இல்லையா' என்று முகம் சுளிக்க வேண்டாம். தரவை அலசும் 'ஆர்' கணினி மொழி கொஞ்சம் தெரிந்து வருகிற பிள்ளைகளைத்தான் நாங்கள் கைநழுவ விடமாட்டோம்.

பணம் விஷயம். சில அரசு நிறுவனங்களில்கூடப் பயிற்சிக் கட்டணம் உண்டு. அது இணையதளத்திலேயே இருக்கும், ரசீதும் தருவார்கள். அது பரவாயில்லை. ஆனால் பத்து நாளில் சான்றிதழ், பத்து டெக்னிக் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தனியார் இடங்களில் பெரும்பாலும் ஒருவர் ஜெல் ஓட்டுவார் (டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டுவது), பதினைந்து பேர் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். என் கருத்தில் அது வேண்டாத செலவு. பிஎச்.டி. நேர்முகத்தில் 'அந்தப் ப்ரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஏன் தேர்ந்தெடுத்தாய்' என்று கேட்டால் அந்தச் சான்றிதழ் பதில் சொல்லாது.

அப்புறம், உங்கள் செமஸ்டர் தேர்வு மே வரை இழுக்கும் என்றால் அதை முதல் மெயிலிலேயே தேதியோடு எழுதிவிடுங்கள். துறைத்தலைவர் கடிதத்தையும் ஊரெல்லாம் லீவில் போவதற்கு முன், மார்ச்சுக்குள் வாங்கி வையுங்கள்.