பால்கனி என்னுடையது, புகை யாருடையது? கப்பல் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

சொகுசுக் கப்பலில் போக முன்பதிவு செய்தவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது விசா, வாந்தி, சைவச் சாப்பாடு. அதற்கு அடுத்த இடம் சிகரெட்டுக்குத்தான். பிடிப்பவர்களும் எழுதுகிறார்கள், பிடிக்காதவர்களும் எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கும் கோபம். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் கப்பலுக்குக் கப்பல் மாறும். அதனால் பணம் கட்டும் முன் உங்கள் கப்பலுக்கான விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கேள்வி: கூடுதல் பணம் கொடுத்து பால்கனி அறை எடுத்திருக்கிறேன். சுற்றிலும் கடல், திறந்த காற்று. அங்கே நின்று ஒரு சிகரெட் பிடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? (கோயம்புத்தூர் வாசகர்)

இதற்குப் பதில் 2006 மார்ச் 23 அன்று நடந்த சம்பவத்தில் இருக்கிறது. பிரின்சஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பல் கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மான்டிகோ பேவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணி, பெரும்பாலானோர் தூக்கத்தில். ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. யாரோ அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை செய்த பிரிட்டிஷ் கடல் விபத்து ஆய்வுப் பிரிவு சொன்னது.

நீங்கள் சொல்லும் அந்தத் திறந்த காற்றுதான் அன்றைக்கு எமனாக வந்தது. அறைக்குள் தீப்பிடித்தால் புகை உணரும் கருவி அலறும், தண்ணீர் தெளிப்பான் திறந்துகொள்ளும். பால்கனி 'வெளியே' என்று கணக்கு வைத்திருந்ததால் அங்கே இரண்டும் கிடையாது. பால்கனிகளுக்கு நடுவே இருந்த தடுப்பு பாலிகார்பனேட், நாற்காலி பிளாஸ்டிக், தரையில் பாலியூரித்தேன் ஓடு, எல்லாமே எரியக்கூடியவை. ஓடும் கப்பலின் காற்று விசிறிவிட, சில நிமிடங்களில் தீ மேல் தளங்களுக்கும் பக்கத்து அறைகளுக்கும் ஏறிவிட்டது. ஒரு பயணி இறந்தார். 79 அறைகள் முழுதாக நாசம், இன்னும் 218 அறைகளில் சேதம்.

அதற்கப்புறம்தான் உலகக் கடல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினார்கள். பால்கனியில் எளிதில் எரியாத பொருள்கள் வேண்டும், இல்லையென்றால் தீ உணரும் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் வேண்டும் என்ற நிலை 2008 ஜூலையில் வந்தது. பால்கனிப் புகைக்குத் தடை போடக் கம்பெனிகள் நிதானமாகத்தான் வந்தன. பிரின்சஸே 2012இல்தான் தடை செய்தது. டிஸ்னி 2013 நவம்பரில், ராயல் கரீபியன் 2014 ஜனவரியில், கார்னிவல் 2014 அக்டோபரில், நார்வீஜியன் அடுத்த மாதம், ஹாலண்ட் அமெரிக்கா 2018இல். ஆக, உங்கள் பால்கனிக்கு நீங்கள் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அதன் கீழும் மேலும் படுத்துத் தூங்குகிறவர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: சிகரெட் வாசனையே இல்லாத கப்பல் என்று ஒன்று கிடையாதா? இருந்தால் எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை. (மதுரை வாசகி)

இருந்தது. 1998இல் கார்னிவல் 'பாரடைஸ்' என்ற கப்பலை முழுக்க முழுக்கப் புகையில்லாக் கப்பலாக இறக்கியது. ஹெல்சிங்கி தளத்தில் கட்டியபோதே தொழிலாளர்கள் உள்ளே புகைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒரே சட்டம். மாட்டினால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், ஊர் திரும்பும் டிக்கெட் உங்கள் செலவு. சும்மா மிரட்டலுக்கு எழுதிவைத்ததும் இல்லை, நிஜமாகவே இறக்கிவிட்டார்கள்.

அந்தக் கப்பலை ரசித்தவர்கள் உயிரைக் கொடுத்து ரசித்தார்கள். ஆனால் 2004இல் கார்னிவல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. காரணம் கல்லாப்பெட்டி. புகைக்காத கூட்டம் பாரிலும் கேசினோவிலும் (சூதாட்டக் கூடம்) குறைவாகச் செலவழிக்கிறது என்று கம்பெனி கண்டது. டிக்கெட் விலை ஓரளவுக்குத்தான் லாபம் தரும், மீதி லாபம் ஏறிய பிறகு நீங்கள் செலவழிப்பதில் வருகிறது. இன்னொன்றும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து போகும் குடும்பத்தில் ஒரு மாமா புகைப்பவராக இருந்தால் பத்து டிக்கெட்டும் வேறு கப்பலுக்குப் போய்விடும். இதைப் புகையில்லாக் கப்பல் கேட்கிறவர்கள் யோசிப்பதில்லை.

இன்றைக்கு உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: கேசினோவே இல்லாத டிஸ்னி, கேசினோவில் புகைக்கு இடமில்லாத செலிப்ரிட்டி என்ற கம்பெனி. இரண்டிலும் திறந்த டெக்கில் சில மூலைகள் மட்டும் புகைப்பவர்களுக்கு. அந்த மூலைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏழு நாளும் வாசனை தெரியாமல் திரும்பலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு ஆஸ்துமா. போன பயணத்தில் பக்கத்து அறைக்காரர் ராத்திரி ராத்திரி பால்கனியில் புகைத்தார். புகார் செய்தோம், ஆள் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்று போய்விட்டார். அடுத்த முறை என்ன செய்வது? (பெங்களூரு வாசகி)

முதலில் அறையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். டெக் வரைபடத்தைத் திறந்து புகைக்கும் இடங்கள் எங்கே என்று பாருங்கள். பல கப்பல்களில் திறந்த டெக்கின் ஒரு பக்கத்தை மட்டும் அதற்கு ஒதுக்குவார்கள். ராயல் கரீபியனில் பெரும்பாலும் வலப்பக்கம், ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் இடப்பக்கம் (கப்பலின் மூக்கைப் பார்த்து நின்றால் வலம், இடம்). நீங்கள் எதிர்ப் பக்கம் அறை எடுங்கள். கப்பல் ஓடும்போது புகை முன்னாலிருந்து பின்னால் போகும். அதனால் புகைக்கும் இடத்துக்கு நேர் கீழேயும் அதற்குப் பின்னாலும் உள்ள பால்கனிகள்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். கேசினோவுக்கு நேர் மேலே வரும் அறையும் வேண்டாம், சத்தமும் சேர்ந்து வரும்.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாக் கதவையும் திறந்தால் வெளிப்புகையை நாமே உள்ளே இழுத்துக்கொள்கிறோம். ஒரு கதவு மூடிய பிறகே இன்னொன்று. ரொம்ப மோசமான ஆஸ்துமா என்றால் பால்கனியே வேண்டாம், கடல் பார்த்த ஜன்னல் அறை போதும். விலையும் குறையும்.

அப்புறம் புகார். காலையில் போய்ச் சொல்வதில் பயனில்லை. வாசனை வரும் அந்த நிமிடமே அறைத் தொலைபேசியில் கெஸ்ட் சர்வீஸை அழைத்து, செக்யூரிட்டியை அனுப்பச் சொல்லுங்கள். "என் அம்மாவுக்கு ஆஸ்துமா" என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள், அது புகாரை மருத்துவ விஷயமாக்கிவிடும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவையும் அழையுங்கள், தயங்காதீர்கள். ஒரே அறையின் மேல் மூன்று பதிவு சேர்ந்தால் அவர்கள் பார்க்கும் விதம் மாறும். அறை மாற்றம் கேளுங்கள். கப்பல் நிரம்பியிருந்தால் கிடைக்காது, ஆனால் கேட்டது பதிவாகும், திரும்பி வந்து இழப்பீடு கேட்க உதவும்.

நீங்களே பக்கத்துக் கதவைத் தட்டிச் சண்டை போடாதீர்கள். சத்தம் போட்டவர் மேல்தான் கடைசியில் அறிக்கை எழுதுவார்கள்.

கேள்வி: நாங்கள் புகைக்கவே இல்லை. ஆனால் கணக்கில் 250 டாலர் ஏற்றிவிட்டார்கள். இது எந்த நாட்டுச் சட்டம்? (சென்னை வாசகர்)

எந்த நாட்டுச் சட்டமும் இல்லை, நீங்கள் டிக்கெட் வாங்கும்போது ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். அதில் 'துப்புரவுக் கட்டணம்' என்றோ அபராதம் என்றோ ஒரு வரி இருக்கும். ராயல் கரீபியன், பிரின்சஸ் போன்றவற்றில் 250 டாலர், கார்னிவலில் 500. போலீஸ், கோர்ட் எதுவும் வேண்டாம், உங்கள் கப்பல் கணக்கில் ஏற்றி, கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

பணத்தைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் கப்பலை விட்டு இறங்கும் முன்பே முயல வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, சாம்பலா, வாசனையா, படம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 'வாசனை' மட்டுமே ஆதாரம் என்றால் வாதாட இடமுண்டு. முன்பு தங்கியவர் விட்டுப்போன வாசனையாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால்தான் அறைக்குள் நுழைந்த முதல் மணி நேரத்தில் மோப்பம் பிடியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வாசனை இருந்தால் உடனே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் அறைக்கு வந்த நண்பர் பிடித்திருந்தாலும் அபராதம் உங்களுக்குத்தான். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுப் புகைப்பது, புகை உணரும் கருவியைத் துணியால் மூடுவது போன்ற புத்திசாலித்தனம் வேண்டாம். அந்தக் கருவியில் கை வைப்பதைச் சிகரெட்டை விடப் பெரிய குற்றமாகத்தான் கப்பலில் பார்ப்பார்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகிறோம். என் மகன் வேப் (மின் சிகரெட்) பயன்படுத்துகிறான். கப்பலில் அனுமதி உண்டு என்று போட்டிருக்கிறதே? (திருச்சி வாசகர்)

கப்பலில் இருக்கலாம், புகைக்கும் இடத்தில் மட்டும். ஆனால் அந்தக் கப்பலில் ஏற சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டுமே! அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வேப் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். தாய்லாந்திலும் தடை. திரும்பி வந்தால் இந்தியாவில் 2019 சட்டப்படி அதைக் கொண்டுவரவும் கூடாது. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சாதாரண சிகரெட்டுக்கும் சிங்கப்பூரில் வரியில்லாச் சலுகை கிடையாது. பாதி பாக்கெட் என்றாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். கப்பல் கடையில் மலிவாக ஒரு கார்ட்டன் வாங்கிக்கொண்டு சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மெல்லும் புகையிலை, குட்கா கொண்டுபோகவே கூடாது. இந்தியாவுக்குள் நுழையும்போது 100 சிகரெட் வரை வரி இல்லை.

கேள்வி: மாமனாருக்கு பீடிதான் பழக்கம். கொண்டு போகலாமா? (திருநெல்வேலி வாசகி)

கரீபியனில் வேலை செய்யும் கப்பல் ஊழியருக்கு பீடி வாசனை பழக்கமில்லை, கஞ்சா என்று சந்தேகிக்க வாய்ப்புண்டு. கட்டின் மேல் உள்ள லேபிளைக் கிழிக்காமல் வைத்திருக்கட்டும். கேட்டால் காட்டலாம். புகைக்கும் இடத்தில் மட்டும்தான். இந்தியாவிலிருந்து விமானத்தில் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் விடமாட்டார்கள், போய்ச் சேர்ந்த ஊரில் சின்ன லைட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சுருட்டு என்றால் சில கப்பல்களில் தனி அறையே உண்டு, குனார்டின் 'குயின் மேரி 2'இல் சர்ச்சில் பெயரில் இருக்கிறது. பீடிக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

கேள்வி: பிடித்து முடித்த துண்டைக் கடலில் போட்டால்? (தூத்துக்குடி வாசகர்)

கூடாது. ஃபில்டர் செல்லுலோஸ் அசிடேட், அது பிளாஸ்டிக். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தப்படி உலகெங்கும் தடை. அதோடு, நீங்கள் கடலைப் பார்த்துத்தான் வீசுவீர்கள், காற்று அதைக் கீழ் வீட்டு பால்கனிக்குள் கொண்டுபோய்ப் போடும். முதல் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: அறையில் கூடாது, பால்கனியில் கூடாது, ஆனால் கேசினோவில் மட்டும் ஊதலாம். நாடகம் பார்க்கப் போகும் குழந்தைகள் அந்தப் புகைக்குள்தான் நடக்கிறார்கள். இது என்ன நியாயம்? (துபாய் வாசகி)

நியாயம் எதுவும் இல்லை, வியாபாரம்தான். சூதாடுகிறவர் சிகரெட்டுக்காக எழுந்து போனால் திரும்பி வராமல் போகலாம் என்ற பயம். நாடக அரங்கு முன்பக்கம், சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம், நடுவே கேசினோ என்று பல கப்பல்களில் கட்டியிருப்பதே எல்லோரும் அதைக் கடந்து போக வேண்டும் என்பதற்காகத்தான். நல்ல காற்றோட்டக் கருவி வைத்திருக்கிறோம் என்பார்கள். அடுத்தவர் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, காற்றோட்டத்தால் அதை முழுசாக நீக்கவும் முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது. பால்கனித் தடையை முழுமனதாக ஆதரிக்கும் எனக்குக் கேசினோ விலக்கை ஆதரிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குழந்தைகளோடு போகும்போது ஒரு தளம் மேலே ஏறிச் சுற்றிப் போங்கள், பெரும்பாலும் வழி இருக்கும்.

கேள்வி: முப்பது வருஷமாகப் புகைக்கிறேன். விதியை மீறியதே இல்லை. ஆனால் எங்களுக்குக் கொடுக்கும் இடத்தைப் பார்த்தீர்களா? இயந்திரப் புகைபோக்கிப் பக்கம், நிழல் இல்லை, உட்கார நாலு நாற்காலி. (ஈரோடு வாசகர்)

பார்த்திருக்கிறேன், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சில கப்பல்களில் அந்த இடத்துக்குப் போக ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு தளம் ஏற வேண்டும், மழை பெய்தால் ஒதுங்க இடமில்லை. அப்படி வைத்துவிட்டு, பால்கனியில் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள் என்று புலம்பினால் எப்படி? நிழல், உட்கார இடம், சாம்பல் கிண்ணம், பக்கத்தில் ஒரு காபி என்று வைத்திருக்கும் கப்பல்களில் பக்கத்து அறைப் புகார்கள் எனக்குக் குறைவாகவே வருகின்றன. மூன்று முதல் ஏழு நாள் ஏறி இறங்குவதில் முழங்கால் வலி வரும் வயதென்றால், அடுத்த முன்பதிவின்போது லிஃப்டுக்கு அருகில், புகைக்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு தளம் கீழே உள்ள அறை வேண்டும் என்று முகவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா அம்மாவுக்காகக் கேட்ட பெங்களூரு வாசகிக்கு வேண்டாம் என்று நான் சொல்லும் அறைகள்தான் அவை, எளிதாகவே கிடைக்கும்.