கொய்யாத் துளிரின் அடியில் வேருக்குப் பதில் கட்டி

கேள்வி: திருவையாற்றுக்கு அருகில் சிறிய திசு வளர்ப்புக்கூடம் நடத்துகிறோம். வாழைத் துளிர்கள் தடையின்றி வேர் விடுகின்றன. கொய்யாத் துளிர்களை லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஐ.பி.ஏ. என்ற வேரூட்டும் ஹார்மோன் சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் ஒரு மாதம் வைத்திருந்தும், அடியில் வெளிறிய கட்டிதான் திரள்கிறது. ஐ.பி.ஏ. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். நீங்கள் காண்பது காலஸ் எனப்படும் திசுத்திரள். வேரைத் தூண்டும் ஆக்சின் வகை ஹார்மோன் மிகுந்தாலோ, நெடுநாள் நீடித்தாலோ இப்படித் திரளும். ஐ.பி.ஏ. என்ற இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் ஓர் ஆக்சின்தான். தண்டின் அடியிலுள்ள செல்களை வேர் முனையாக மாறத் தூண்டுவது அதுவே. உருவான முனை நீண்டு வெளியே வருவதைத் தடுப்பதும் அதுவே. இயல்பிலேயே எளிதில் வேர்விடும் வாழையில் இது பெரிதாகத் தெரியாது. கொய்யா போன்ற மரப்பயிர்களில் அளவைப் போலவே நாள்கணக்கையும் பார்க்க வேண்டும்.

எனவே துளிர்களை ஐந்து முதல் ஏழு நாள் மட்டும் ஆக்சின் ஊடகத்தில், இருட்டில் வைத்திருங்கள். பிறகு வேர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உப்புகளைப் பாதியாகக் குறைத்த, ஹார்மோன் சேர்க்காத, திசு வளர்ப்பில் வழக்கமான முராசிகே–ஸ்கூக் ஊடகத்துக்கு மாற்றி வெளிச்சத்தில் வையுங்கள். கரித்தூள் சேர்ப்பதானால் இந்த இரண்டாம் ஊடகத்தில் மட்டும் சேருங்கள். முதலாவதில் சேர்த்தால் ஆக்சினையும் அது உறிஞ்சிவிடும். அரை, ஒன்று, இரண்டு மில்லிகிராம் என மூன்று அளவுகளிலும் சில குடுவைகளை வைத்துப் பார்த்தால் உங்கள் இரகத்துக்கு ஏற்றது தெரிந்துவிடும்.

துளிர்களைப் பெருக்கியபோது சேர்த்த பி.ஏ.பி.யையும் நான் சந்தேகிக்கிறேன். அது துளிரைத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஹார்மோன். சைட்டோகைனின் ஓங்கினால் துளிரும் ஆக்சின் ஓங்கினால் வேரும் தோன்றுவதை ஸ்கூகும் மில்லரும் 1957-இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். துளிருக்குள் தங்கிய சைட்டோகைனின் வேரைத் தடுக்கும் என்பதால், வேரூட்டுவதற்கு முன் ஒரு சுற்று ஹார்மோன் இல்லாத ஊடகத்தில் வளர்ப்பது நல்லது.

கரைசல் தயாரிப்பிலும் பிழை நேரலாம். 100 மில்லிகிராம் ஐ.பி.ஏ.யை நேரே தண்ணீரில் போட்டால் வெள்ளைத் தூளாக மிதக்கும். முதலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முழுவதும் கரைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் 100 மில்லியாக்குங்கள். அதில் ஒரு மில்லி, ஒரு லிட்டர் ஊடகத்துக்கு ஒரு மில்லிகிராம் ஆகும். ஊடகத்தின் அமிலகாரத்தன்மையை 5.8-க்குத் திருத்திய பிறகே ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் வையுங்கள்.

வேர் ஓரிரு சென்டிமீட்டர் நீண்டதும், ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகாரை வேரிலிருந்து முழுவதும் கழுவி, தென்னை நார்க்கழிவில் நட்டு, ஈரம் குறையாமல் மூடி வையுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.