அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பொதுமக்கள் கையெழுத்து வாங்குவதால் இதுவரை ஏதாவது நடந்திருக்கிறதா?

வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தியதில் பொதுமக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குண்டுகளை ஒழிப்பதில் அவர்கள் இன்னும் வெற்றி பெறவில்லை. கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளையொட்டிக் கல்லூரி வாசலில் யாரோ நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, இதனால் என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பில் நீங்கள் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படிவத்தை நீட்டும் பக்கத்தில் நின்றவள் நான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் 15 மெகா டன். ஹிரோஷிமாவில் விழுந்ததைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அப்போது அப்பகுதியில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்று யாய்சு துறைமுகத்திற்குத் திரும்பினார்கள். படகின் கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்கிய குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். சந்தைக்கு வந்த மீனில் கதிரியக்கம் இருந்ததால் மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள், மீன் வியாபாரிகளின் பிழைப்பு முடங்கியது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் மீன்கடைக்காரர்களும், பொது மண்டபத்தில் கூடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த இல்லத்தரசிகளும் ஹைட்ரஜன் குண்டைத் தடை செய்யக் கோரிக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹிரோஷிமாவில் அணு, ஹைட்ரஜன் குண்டுகளுக்கு எதிரான முதல் உலக மாநாடு கூடியபோது ஜப்பான் முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்திருந்தன. அதற்கு முன்பு, குண்டு விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும், அந்நாட்டில் அந்த அளவுக்கு மக்கள் திரண்டதில்லை.

அமெரிக்காவில் பிரச்சினை பால் வழியாக வந்தது. சோதனைகளில் வெளிப்படும் ஸ்ட்ரான்ஷியம்-90 சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்ளும் கதிரியக்கப் பொருள் என்பதால், அது புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்ச் சேர்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் 1958-ஆம் ஆண்டு முதல் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்து குழந்தைகளின் விழுந்த பால் பற்களைத் திரட்டி ஆய்வு செய்தார்கள். கடைசியில் சேர்ந்தவை மூன்று லட்சத்துக்கும் மேல். சோதனைகள் பெருகப் பெருகப் பற்களிலும் அந்தப் பொருள் கூடிக்கொண்டே போனதை அவர்கள் எண்களில் காட்டிவிட்டார்கள். 1961 நவம்பர் 1 அன்று அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பெண்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தார்கள். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. இது மக்களால் மட்டுமே நடந்தது என்று நான் சொல்லவில்லை. 1962-இல் கியூபாவில் வைக்கப்பட்ட சோவியத் ஏவுகணைகளால் எழுந்த நெருக்கடியில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் என்ற இரு வல்லரசுகளும் அடைந்த அச்சத்துக்கும் அதில் பங்குண்டு.

இனி என் கதை. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா சோதனை நடத்தியது. இரண்டு வாரங்களில் பாகிஸ்தான் சாகாயில் நடத்தியது. மதுரையில் வங்கி எழுத்தராக இருந்த நான், அந்த ஆண்டு ஹிரோஷிமா நாளுக்காக நண்பர்களோடு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். தெருவில் இனிப்பு வழங்கிப் பட்டாசு வெடித்த சூடு இன்னும் ஆறாத நேரம் அது. "பாகிஸ்தானில் போய்க் கேளுங்கள்" என்று சொல்லாதவர்கள் குறைவு. பாகிஸ்தானில் பர்வேஸ் ஹூட்பாய் போன்ற இயற்பியலாளர்கள் தங்கள் அரசின் குண்டை வெளிப்படையாக எதிர்த்து, இதைவிட மோசமான வசைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் துண்டறிக்கையை முழுவதும் படித்துவிட்டு, "இதெல்லாம் கம்யூனிஸ்ட்டுகள் வேலை" என்றார். அவர் சுதந்திராக் கட்சிக்காரராக இருந்தவர் என்பது சுவரில் தொங்கிய படத்திலேயே தெரிந்தது. நான் அந்தக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜியின் பெயரை எடுத்தேன். 1962 செப்டம்பரில், தம் எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடியவர் ராஜாஜி. அவரையும் கம்யூனிஸ்ட் என்பீர்களா என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். "ராஜாஜி கென்னடி வீட்டுக்குப் போனார், நீ ஏம்மா என் வீட்டுக்கு வந்தே?" என்றார். பிறகு தீவிரமாகவே வாதிட்டார். பலசாலியிடம் போய் ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்வது அறம், பலவீனனிடம் சொல்வது அறமாகாது, இந்தியா இப்போதுதான் எழுந்து நிற்கிறது என்பது அவர் வாதம். நான் கேட்ட எதிர்வாதங்களில் நேர்மையானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கையெழுத்திடவில்லை.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வெளியே வந்து, "அந்தப் புகையெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டார். சோதனை நிலத்தடியில் நடந்தது, புகை மேலே வராது என்று நான் சொன்னதும், "அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்விதான் உங்கள் கேள்விக்கும் பதில் என்று நான் கருதுகிறேன். 1963 ஒப்பந்தம் காற்றிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை செய்வதைத் தடுத்தது; நிலத்தடியை விட்டுவிட்டது. மீனிலும் பாலிலும் வந்து சேர்ந்த விஷம் குறைந்ததும் வீட்டுக்குள் இருந்த கவலையும் குறைந்தது. வல்லரசுகளோ அதன்பின் நிலத்தடியில் நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தி ஆயுதங்களைப் பெருக்கிக்கொண்டன. 1980-களின் நடுவில் உலகில் ஏறத்தாழ எழுபதாயிரம் அணு ஆயுதங்கள் இருந்தன. மக்கள் இயக்கம் பெற்ற வெற்றியே அதன் காலடி மண்ணைப் பறித்துக்கொண்டது. எங்கள் துண்டறிக்கையில் ஹிரோஷிமாவின் படங்கள் இருந்தன, புள்ளிவிவரங்கள் இருந்தன. அந்த அம்மாவின் அடுப்படிக்குள் போகும் ஒரு வரியும் இல்லை, இருக்கவும் வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆகஸ்ட் ஆறாம் தேதிக் கூட்டத்தில் மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். நன்றியுரையில் 'தாய்மார்களுக்கு' ஒரு வாக்கியம் கிடைத்தது. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான். சுகினாமி இயக்கத்தைப் பற்றிப் படித்தபோதும் முதலில் கண்ணில் பட்ட பெயர், பொது மண்டபத்துக்குத் தலைவராக இருந்த சட்டப் பேராசிரியர் யாசுயியின் பெயர். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் படிவத்தோடு கதவைத் தட்டிய பெண்களின் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கருத்துப் பகுதியில் என்ன வரும் என்று தெரியும் என்பதால் முன்கூட்டியே: என் தம்பி ராணுவத்தில் பணியாற்றியவன், நாட்டின் பாதுகாப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கூடங்குளம் மின்நிலையம் வேறு விவாதம், இங்கே அதை இழுக்காதீர்கள். வெளிநாட்டுப் பணம் என்பவர்களுக்கு, துண்டறிக்கை அச்சடித்த செலவு எங்கள் சம்பளத்திலிருந்து போனது.

2017-இல் ஐ.நா. மாநாட்டில் 122 நாடுகள் ஆதரித்து நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காகப் பாடுபட்ட பொதுமக்கள் அமைப்புகளின் கூட்டணிக்கு நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. அதில் இந்தியாவைச் சேரச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை, ஆனால் உடனே எதுவும் நடக்காது. நான் இன்று படிவம் எழுதினால் வேறொன்றைக் கேட்பேன். அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. எதிர்காலத்தில் அது சூழ்நிலையைப் பொறுத்தது என்று 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பொக்ரானிலேயே சொன்னார். அந்தக் கொள்கையைத் தளர்த்தக் கூடாது, அதை நாடாளுமன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயருக்கே எழுதப்பட்ட படிவத்தை யாராவது நீட்டினால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். அந்தப் பெரியவர் இருந்திருந்தால் அவரும் இதற்குக் கையெழுத்திட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.