கடலாமைக் கூடுகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

(சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டைகளைக் காக்கும் தன்னார்வலர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

இருட்டில் முட்டை இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், அக்கா?

தடத்தைப் பார்த்துத்தான். ஆமை கடலிலிருந்து ஏறிய தடம் ஒன்று, திரும்பிய தடம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டு மூடிய பின் ஆமை தன் உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கிவிடும். அதனால் மெல்லிய கழியால் மெதுவாகக் குத்திப் பார்ப்போம். மணல் சட்டென்று இளகினால் அங்கே கையால் மட்டும் தோண்டுவோம். கழுத்து குறுகி, அடி அகன்ற குடுவை போன்ற குழி. சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைகளுக்கு மேல் ஈரமாக இருக்கும். இட்ட சில மணி நேரத்திற்குள் புரட்டாமல், குலுக்காமல் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டைகளை மீண்டும் மணலில் புதைத்துக் காக்கும் வேலியிட்ட இடத்துக்கு, கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் வளரத் தொடங்கிய கரு, அசைவிலேயே இறந்துவிடும்.

குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க எப்போது வரலாம்?

முட்டையிட்டு ஏறக்குறைய 45 நாள் கழித்து. டார்ச் வேண்டாம்.

கையில் எடுத்துப் படம் பிடிக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. ஃபிளாஷும் கூடாது.

இயற்கையான குழியிலேயே விட்டால் என்ன? பொரிப்பகம் என்பது மனிதத் தலையீடுதானே?

கேட்க வேண்டிய கேள்வி. ஆளில்லாத கரையாக இருந்தால் நானும் தொட வேண்டாம் என்றே சொல்வேன். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை நாய்கள் குழியைத் தோண்டித் தின்கின்றன. தப்பிப் பொரிந்த குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பித் தெருவை நோக்கி ஊர்கின்றன. பொரிப்பகத்திலும் கவனம் தேவை. குழியின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்கள் பெருகும், மேலும் ஏறினால் முட்டையே கெடும். நிழல்வலை கட்டுவது அதற்காகத்தான்.

ஆமை செத்து ஒதுங்கினால் மீனவர்களைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நாங்கள் சிறிய ஃபைபர் படகில் போகிறவர்கள். இது நியாயமா? (ஊரூர் குப்பத்திலிருந்து ஒருவர்)

நியாயமில்லை, ஐயா. கரையோரம் 5 கடல் மைலுக்குள் பெரிய விசைப்படகுகள் இழுவலை போடத் தடை இருக்கிறது. அதை மீறுகிறவர்களின் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின.

அதற்குத்தான் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே? (வேளச்சேரி வாசகர்)

ஏப்ரல் 15இல் அது தொடங்கும்போது ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கண்காணிப்பு வேண்டும், ஆமை தப்பிப் போகும் வழியுள்ள வலை வேண்டும். பழியைக் குப்பத்தின் மேல் போடாதீர்கள். எந்த இடத்தில் ஆமை ஏறியது என்று எங்களுக்கு முதலில் சொல்கிறவர்கள் அவர்களில் பலர்.

குஞ்சை வாளியில் எடுத்து நேராகக் கடலில் விடலாமா?

வேண்டாம். நாங்களே சற்றுத் தள்ளி ஈர மணலில் விட்டு ஊரவிடுவோம்.

நானும் குஞ்சைத் தொட்டுப் பார்க்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

எங்கள் வீடு பாலவாக்கத்தில் கடலைப் பார்த்திருக்கிறது. மாடி விளக்கு ஒன்றுதான். அதனாலுமா?

அதனாலும்தான். இரவில் அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக்குத் தேவையென்றால் கடல் பக்கம் மறைத்து, தரையை நோக்கித் திருப்புங்கள்.